எமுலேட்டரில் குறுக்குவிசைகளை நாமே மாற்றி அமைப்பது அவசியமா?

எமுலேட்டர் என்பது பழைய விளையாட்டுக் கருவிகளின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள். ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால், விளையாட்டை அந்த நிலையிலேயே சேமிக்கும் சேவ், சேமித்த நிலைக்குத் திரும்பும் லோட் இரண்டின் விசைகளையும் கட்டாயம் மாற்றுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பார்க்கலாம். "வருகிற செட்டிங்கையே பழகிக்கொண்டால் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரேயொரு எமுலேட்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் போதும். இரண்டு வைத்திருந்தால் போதாது.

2022இல் யாழ்ப்பாணத்தில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நாளை ஓட்டிய காலம். என்னிடம் இருந்தது யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி. சொன்ன நேரத்துக்கு முந்தியும் கரண்ட் போய்விடும் என்ற பயத்தில், பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரில் விளையாடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எஃப்1ஐத் தட்டுவேன். அதில் எஃப்1 சேவ், எஃப்3 லோட். கொஞ்ச நாளில் பார்க்காமலே விரல் அங்கே போகத் தொடங்கிவிட்டது.

அப்புறம் முதலாவது பிளேஸ்டேஷன் விளையாட்டுகளுக்காக டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரைப் போட்டேன். அதில் எஃப்1 லோட், எஃப்2 சேவ். நான் அதைக் கவனிக்கவில்லை. "அடிக்கடி எஃப்1ஐத் தட்டு" என்று அக்காவின் மகனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க விளையாடி, பெரிய எதிரி ஒன்றை வீழ்த்திய சந்தோசத்தில் அவன் தட்டினான். திரை ஒருதரம் மினுங்கியது. மத்தியானம் நான் மெனு வழியாகச் சேவ் செய்துவைத்த அதே வாசலில் அவனுடைய ஆள் நின்றது. "மாமா, நான் சேவ் பண்ணினனான்தானே? ஏன் திருப்பி முதல்ல இருந்து வருது?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

இரண்டு மென்பொருளிலும் பிழையில்லை. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதினார்கள், தங்களுக்குச் சரியென்று பட்டதை வைத்தார்கள். டால்பின், ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டர்களில் எஃப்1 லோட், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் சேவ். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் எஃப்1 மெனுவைத் திறக்கும், எஃப்2 சேவ், எஃப்4 லோட். விரலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

அன்றிரவே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினேன். எங்கே போனாலும் சேவ் எஃப்2. லோட் வலப்பக்க மூலையில் எஃப்12. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவே கூடாது. சேவ் யோசிக்காமல் தட்டுவது, லோட் யோசித்துத் தட்ட வேண்டியது. ஒரு விசைக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2இல் எஃப்2 சேவ் இடத்தை மாற்றும் விசை, அதை நான் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டி வந்தது. ஒரு விசைக்கு இரண்டு வேலை இருந்தால் இரண்டும் ஒன்றாக நடந்து குழப்பும்.

ரெட்ரோஆர்ச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் சாதாரண எழுத்துகளே குறுக்குவிசைகள். எச் (H) தட்டினால் விளையாட்டு ரீசெட் ஆகிவிடும், பி (P) தட்டினால் நின்றுவிடும். கமடோர் 64, டொஸ் போன்ற பழைய கணினி விளையாட்டுகளில் பெயரைத் தட்டச்சு செய்யப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு 'கேம் ஃபோகஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் விசைகள் எல்லாம் விளையாட்டுக்கே போகும். அதன் விசை ஸ்க்ரோல் லாக். நிறைய மடிக்கணினிகளில் அந்த விசையே கிடையாது, ஆகவே அதையும் மாற்ற வேண்டும். மாற்றும் இடம் செட்டிங்ஸில் இன்புட், அதற்குள் ஹொட்கீஸ், அதாவது குறுக்குவிசைகள். அங்கேயே இருக்கும் 'ஹொட்கீ எனேபிள்' என்பதற்கு ஒரு விசை கொடுத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு அழுத்தும்போது மட்டும் மற்றவை வேலை செய்யும். சின்னப் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இதைச் செய்துவிடுங்கள்.

ரெட்ரோஆர்ச் தன் செட்டிங்குகளை எழுதிவைக்கும் கொன்பிக் கோப்பை நோட்பாடில் திறந்தும் மாற்றலாம். ஆனால் முதலில் ரெட்ரோஆர்ச்சை மூடுங்கள். மூடும்போது அது தன்னிடம் இருப்பதைத் திரும்ப எழுதி, உங்கள் மாற்றத்தை அழித்துவிடும்.

கை தவறி லோட் ஆகிவிட்டால் பதற வேண்டாம். ரெட்ரோஆர்ச்சின் குயிக் மெனுவில் 'அன்டூ லோட் ஸ்டேட்' இருக்கிறது. வேறெதையும் தொடாமல் உடனே அதை அழுத்துங்கள்.

எங்களைப் போலத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் மொழி மாறும். விளையாட்டு விசைகளாக அந்த இரண்டையும் வைத்தால் சண்டையின் நடுவில் மொழி மாறி, பிறகு விசைகள் ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தேட வேண்டிவரும். நான் அந்த மொழிமாற்றக் குறுக்குவிசையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டி மாற்றிக்கொள்கிறேன்.