வெள்ளிக்கிழமை இரவே கோல்ஸ்லா செய்து வைக்கலாமா?

தம்பி, சனிக்கிழமை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ராலேயில் மேனேஜர் வீட்டு பார்பெக்யூ, உங்கள் பங்குக்குக் கோல்ஸ்லா (நறுக்கிய கோஸை டிரெஸ்ஸிங்கில் கலக்கும் சாலட்), முந்தின இரவே செய்தால் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜில் இருந்தால் கெடாது. ஆனால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். டிரெஸ்ஸிங்கில் இருக்கும் உப்பும் சர்க்கரையும் கோஸிலிருந்து நீரை இழுத்துவிடும். காலையில் மயோனைஸ் நீர்த்துப்போய் அடியில் குளம் கட்டியிருக்கும். இந்த ஊரில் அதை பன்னுக்குள் பன்றி இறைச்சியின் மேலேயே அள்ளி வைத்துச் சாப்பிடுவார்கள், அதனால் சொதசொதவென்று இருக்கவே கூடாது.

அந்தத் தண்ணீரை வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ அளவுள்ள கோஸை மெல்லிசாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு பிசிறி, வடிதட்டில் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் நன்றாக அலசி, சுத்தமான துணியில் முறுக்கிப் பிழியுங்கள். பச்சடிக்கு வெள்ளரிக்காய் பிழிவோமே, அதே வேலைதான். பேப்பர் டவல் போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் மறுநாளும் மொறுமொறுப்பு போகாது. கேரட்டைத் துருவித் தனியாக வையுங்கள். சிவப்புக் கோஸ் வேண்டாம், எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்கிவிடும்.

டிரெஸ்ஸிங்கையும் அன்றே கலக்கலாம்: முக்கால் கப் மயோனைஸ், இரண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் கடுகு சாஸ், மிளகுத்தூள், அரை டீஸ்பூன் செலரி விதை. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஓமத்தைப் போட்டுவிடாதீர்கள், வேறு எதுவும் நாக்குக்குத் தெரியாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ருசி பார்த்த பிறகே உப்பு சேருங்கள்.

காலையில் இந்த வேலையெல்லாம் ஓடாது என்றால் மயோனைஸே இல்லாத வழி இருக்கிறது. இதே மாநிலத்தில் லெக்சிங்டன் பக்கம் கெச்சப், வினிகர், சர்க்கரை, மிளகு போட்டுச் சிவப்பு ஸ்லா செய்வார்கள். அதை முந்தின நாளே முழுசாகக் கலந்து வைக்கலாம். ஒரு இரவு ஊறினால் இன்னும் நன்றாகவே இருக்கும். சாதாரண மயோனைஸில் முட்டை உண்டு என்பதால், வரும் நம்மவர்களில் முட்டை தொடாதவர்களுக்கும் இதுதான் சரி. என்ன, மாநிலத்தின் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு மயோனைஸ் போட்ட வெள்ளை ஸ்லாதான் ஸ்லா. மேனேஜர் எந்தப் பக்கம் என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை நமக்கு எதற்கு?

வெயில் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். வெளியே வைத்த சாப்பாட்டுக்கு இங்கே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரே மணி நேரம், ஜூலையில் இங்கே அது சர்வ சாதாரணம். ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், பரிமாறும் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் வையுங்கள். மதியம் முழுக்க மேஜையில் கிடந்த மிச்சத்தைக் குப்பையில்தான் போட வேண்டும், "வீணாகிறதே" என்று வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

பரிமாற ஓட்டைக் கரண்டி ஒன்றும் எடுத்துப்போங்கள். மிச்சம் மீதித் தண்ணீர் இருந்தாலும் கிண்ணத்தோடு நின்றுவிடும்.