புள்ளி விழுந்த மக்காச்சோளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,
பேரையூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி மக்காச்சோளம். தோழி கொடுத்த கலர் சோள விதையைக் கொல்லையில் போட்டிருந்தேன். ஒரு கதிரில் பல மணிகளில் வெளிர் மஞ்சள் மேல் ஊதாப் புள்ளிகள். (படம் இணைத்துள்ளேன்.) அப்பா “நோய், எரிச்சுரு” என்கிறார். தம்பி, மரபணு மாற்றுப் பயிர் என்கிறான். எது சரி?
செல்வி

அன்புள்ள செல்விக்கு,

இரண்டுமே இல்லை, எரித்துவிடாதீர்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பூஞ்சணம் என்றால் உதிரும். இந்த ஊதா தோலுக்கு அடியில் இருக்கிறது.

படத்தைப் பார்த்தால் இது தாவும் மரபணுவின் வேலை. ஊதா நிறமிக்கு வேண்டிய மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டால் அது வேலை செய்யாது, மணி வெளிறிவிடும். மணி வளரும்போது ஏதாவது ஒரு செல்லில் அந்தத் துண்டு கழன்றுகொண்டால் நிறம் திரும்பும், அப்புறம் அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஊதாதான். சீக்கிரம் கழன்றால் பெரிய திட்டு, கடைசி நேரத்தில் கழன்றால் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளி.

இதை 1940களில் சோளக்கதிர்களைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பார்பரா மெக்ளின்டாக். அவர் டிஎஸ் என்று பெயரிட்ட துண்டு தானாக நகராது, கூடவே ஏசி என்ற இன்னொன்று இருக்க வேண்டும். ஏசி தரும் என்சைம்தான் டிஎஸ்ஸை வெட்டி எடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஏசி கூடக்கூட புள்ளி பெரிதாகாது, சின்னதாகும், ஏனென்றால் தாவல் தள்ளிப்போகிறது. 1983இல் நோபல் பரிசைத் தனியாகவே வாங்கினார். அதுவரை அவரை யாரும் சீந்தவில்லை என்று எழுதுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1944லேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானவர் அவர். நம்பத் தயங்கியது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

தம்பியிடம் சொல்லுங்கள், இந்த மாற்றத்துக்கு ஆய்வகம் தேவையில்லை. 2009இல் வெளியான மக்காச்சோள மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 85 சதவீதம் இப்படிப்பட்ட துண்டுகள்தான், பெரும்பாலானவை இப்போது அசையாமல் கிடக்கின்றன.

அப்பாவின் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. நோய் ஒட்டாது, ஆனால் மகரந்தம் காற்றில் போகும், பக்கத்து வயலில் அதே நேரம் பூத்திருந்தால் அங்கேயும் சில மணிகள் நிறம் மாறலாம். அதனால் புரட்டாசிப் பட்டத்தில் புள்ளி மணிகளை மட்டும் எடுத்துத் தள்ளி ஊன்றுங்கள். கதிர் முடி வெளியே வரும் முன்பே காகிதப் பை மாட்டி, அதே செடியின் மகரந்தத்தைத் தூவிவிடுங்கள். முழு ஊதா, வெளிறியது, புள்ளி விழுந்தது என்று கலந்து வரலாம். எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.