1,80,000 ரூபாய்க்குக் கிட்டார் செய்யச் சொல்லலாமா?

கேள்வி: பெருந்துறையில் இருந்து எழுதுகிறேன். என் மகள் கோவையில் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறாள், கல்லூரி பேண்டில் கிட்டார் வாசிக்கிறாள். இப்போது வைத்திருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் எலக்ட்ரிக் கிட்டார். சுருதி நிற்கவில்லை என்கிறாள். அவளுடைய கிட்டார் மாஸ்டர், தனக்குத் தெரிந்த ஒருவர் ஆனைமலை ஈட்டி மரத்தில் அவள் கைக்கென்றே ஒரு கிட்டார் செய்து தருவார், விலை 1,80,000 ரூபாய், பாதி முன்பணம் என்கிறார். மஞ்சள் விற்ற பணம் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாங்க. கையால் செய்த கிட்டார் மோசம் என்று சொல்லவில்லை. லட்சத்துக்கு மேல் கொடுத்தாலும் தகும் என்கிற அளவுக்கு வேலை தெரிந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் சொன்ன விவரத்தில் மரம் இருக்கிறது, விலை இருக்கிறது, முன்பணம் இருக்கிறது. அவர் செய்த கிட்டார் ஒன்றை உங்கள் மகள் வாங்கி வாசித்துப் பார்த்தாளா என்பது மட்டும் இல்லை.

முதலில் பழைய கிட்டாரைக் கவனியுங்கள். விலை குறைந்த கிட்டார்களைப் பெட்டியில் வந்தபடியே விற்றுவிடுகிறார்கள். கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு, கம்பிகளை உடம்பின் மேல் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் நீளம் இவற்றையெல்லாம் யாரும் தொடுவதில்லை. அதைச் சரிசெய்வதற்குத்தான் செட்டப் என்று பெயர். புதுக் கம்பியோடு சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடியும். வீட்டிலேயே சோதிக்கலாம். போனில் சுருதி காட்டும் ட்யூனர் ஆப் ஒன்றைப் போட்டு, கம்பியைச் சும்மா மீட்டிச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே கம்பியை 12ஆவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் 12ஆவதில், அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். முள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், பெரும்பாலும் பிரிட்ஜில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினாலே தீரும். இதற்கு 1,80,000 ரூபாய் வேண்டியதில்லை.

அடுத்து மரம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சத்தத்தை எடுப்பது பிக்கப். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் உள்ளே மின்சாரம் பிறக்கிறது. கோவைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த வேலைதான். அதனால் உடம்பு என்ன மரம் என்பதைவிட என்ன பிக்கப், எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பது முக்கியம். ஈட்டி நல்ல மரம், விரல் பலகைக்கு அருமையான மரம். முழு உடம்பும் ஈட்டி என்றால் கனம் தோளை இறக்கிவிடும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஜனவரியில் லண்டனில் மொட்டை மாடிக் கச்சேரியில் வாசித்தது ஈட்டி மரத்தில் செய்த டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார்தான். இந்த மரத்தை விற்கிறவர்கள் அந்தக் கதையைத் தவறாமல் சொல்வார்கள், கனத்தைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இந்த மரம் இருக்கிறது. ஆனைமலை ஈட்டி என்று வாயால் சொன்னால் போதாது, மரம் எங்கே வாங்கியது என்பதற்கு ரசீது கேளுங்கள். பேச்சை மாற்றினால் ஒன்று அது ஈட்டி இல்லை, அல்லது வாங்கக் கூடாத இடத்தில் வாங்கியது.

பணம் போக வேண்டிய இடம் கழுத்தும் ஃபிரெட்டும். நம் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் மரம் சுருங்கும், உலோக ஃபிரெட் சுருங்காது. கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சீப்பின் பல் மாதிரி நறநறவென்று குத்தினால் ஈரம் காயாத மரத்தில் அவசரமாகச் செய்தது, அல்லது ஓரத்தைத் தேய்க்கச் சோம்பல்பட்டது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது கழுத்து மறுபடி அசையும். அப்போது திருப்பிக்கொள்ளத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு இருக்கிறது. அந்தத் திருகு சுலபமாகத் திரும்புகிறதா என்று உங்கள் எதிரிலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, கிட்டாரின் உடம்பை ஒட்டிய மேல் ஃபிரெட்டுகளில் மெல்லிய கம்பியை அழுத்தி, கம்பியை நன்றாகப் பக்கவாட்டில் வளைத்து வாசிக்க மகளிடம் சொல்லுங்கள். சத்தம் பாதியில் செத்தால் பெரும்பாலும் ஃபிரெட் ஒரே மட்டமாக இல்லை.

“அவள் கைக்கென்றே” என்கிறார்களே, கையை யார் அளந்தார்கள்? ஃபெண்டர், கிப்சன் இரண்டும் பேர்போன கிட்டார் கம்பெனிகள். ஃபெண்டர் கிட்டாரில் கம்பியின் நீளம் பொதுவாக 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. முக்கால் அங்குலம்தான், விரலுக்கு நன்றாகத் தெரியும். இதில் எது வேண்டும், கழுத்து எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்காமல் முன்பணம் கேட்கிறவர் உங்களுக்காகச் செய்யப் போவதில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தரப் போகிறார்.

பாகம் பாகமாக அறுத்துத் துளை போட்டு, நாமே பூட்டிக்கொள்ளும்படி ‘கிட்’ என்ற பெயரில் கிட்டார் சில ஆயிரத்துக்கு இணையத்தில் கிடைக்கிறது. அதை வாங்கி ஒட்டி, பெயிண்ட் அடித்து, தலையில் ஒரு பெயரை ஒட்டினால் ‘கஸ்டம்’ ஆகிவிடுகிறது. என் மேஜைக்கு வந்த ஒன்றில், கழுத்தைக் கழற்றியதும் அடியில் கிட் கம்பெனியின் முத்திரை அப்படியே இருந்தது. பொருத்திய இடத்தில் விசிட்டிங் கார்டைச் செருகும் அளவுக்குச் சந்து. மேலே பாலிஷ் கண்ணாடியாக மின்னியது. விற்றுக் கொடுத்தவர் ஒரு மாஸ்டர். எல்லா மாஸ்டரும் அப்படி இல்லை. ஆனால் கமிஷன் வாங்கிக்கொண்டு மாணவர்களின் வீட்டுப் பணத்துக்கு வழிகாட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. குருவின் பேச்சைத் தட்ட முடியாது என்பதுதான் அவர்களுடைய முதலீடு. செய்கிறவரின் பட்டறைக்கு நேரில் போங்கள், மாஸ்டர் இல்லாமல் போங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, உங்கள் மகள் இடது கைக்காரியாக இருந்தால். அவர்களுக்குக் கடையில் கிட்டார் கிடைப்பது குதிரைக் கொம்பு. இடது கைக்காரரான கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலது கைக் கிட்டாரைத் திருப்பிக் கம்பி மாற்றி வாசிக்கவில்லையா என்பார்கள். வாசித்தார். ஆனால் திருப்பினால் தடித்த கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கைக்கு அடியில் வரும், மேல் ஃபிரெட்டுக்குக் கை எட்ட வெட்டிய வளைவு எதிர்ப் பக்கம் போய்விடும். இடது கைக்காரர்கள் சொல்லிச் செய்துகொள்வது நியாயம். ஆனால் சாப்பிடுகிற கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை நாமே சின்ன வயதில் அதட்டி மாற்றியிருப்போம். பந்து எறிகிற கை எது, பாட்டுக் கேட்கும்போது தொடையில் தாளம் போடுகிற கை எது என்று பாருங்கள். இடது கைக்காரியாக இருந்தும் இத்தனை நாள் வலது கைக் கிட்டாரில் சிரமம் இல்லாமல் வாசித்திருந்தால், மாற்றவே வேண்டாம்.

ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈரோட்டிலேயே புகார் தரலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். இதெல்லாம் காகிதத்தில். வாய்தா மேல் வாய்தா வாங்கி ஆளை ஓய வைத்துவிடுகிறார்கள். கிட்டார் கழுத்து கோணல் என்று சான்று தர எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்? நீங்கள் மாஸ்டரின் ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பியிருந்தால் கேஸ் அங்கேயே நொண்டும். எனக்குப் பணமே வரவில்லை என்று செய்தவர் சொல்லிவிடுவார்.

அதனால் பழைய கிட்டாருக்குச் செட்டப் செய்துவிட்டு, இரண்டு மாதம் வாசிக்கட்டும். அப்புறமும் போதவில்லை என்றால் அம்மணியைக் கடைக்குக் கூட்டிப் போய் ஒரு லட்சத்துக்கு முன்பின்னாக உள்ள நல்ல கம்பெனிக் கிட்டார்களை வாசிக்கச் சொல்லுங்கள். நாளை விற்றாலும் அவற்றுக்கு ஒரு விலை உண்டு. பெயர் தெரியாதவர் செய்ததைப் பாதி விலைக்குக் கூடக் கேட்க ஆள் இருக்காது. இத்தனைக்கும் பிறகு கையால் செய்ததுதான் வேண்டும் என்றால், செய்கிறவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும், ஜிஎஸ்டி பில்லோடு, கால் பங்குக்கு மேல் போகாமல் முன்பணம் கொடுங்கள். மரம், பிக்கப், கம்பியின் நீளம், கொடுக்கும் தேதி நான்கும் அந்தப் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும்.