பின் பிரேக் வழுக்குகிறது, பெடல் நழுவுகிறது: ட்ரயல்ஸ் சைக்கிளில் முதலில் எதைச் சரிசெய்வது?

ட்ரயல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறைகளிலும் தடைகளிலும் சைக்கிளால் தாவி ஏறும் விளையாட்டு. இங்கிலாந்தின் லீட்ஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “பழைய 26 இன்ச் ட்ரயல்ஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் மகுரா எச்எஸ்33 ரிம் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் சக்கர வளையமான ரிம்மைக் கவ்வுவது). கியர் 18க்கு 15 (முன்னால் 18 பல், பின்னால் 15). காய்ந்த இடத்தில் பின் பிரேக் ஓரளவு பிடிக்கிறது. ஈரம் பட்டால் பின் சக்கரத்தில் நிற்கவே முடியவில்லை. எகிறும்போது எப்போதாவது பெடல் ‘கடக்’ என்று நழுவுகிறது. டிஸ்க்குக்கு மாறு, கியரை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் 150 பவுண்ட் இருக்கிறது. எதில் தொடங்குவது? 20 இன்ச் வாங்கியிருக்க வேண்டுமோ?”

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த ‘கடக்’ சத்தத்துக்குக் காரணம் தெரியும்வரை பின் சக்கரத்தில் எகிறாதீர்கள். பிரேக் வழுக்கினால் பெரும்பாலும் பின்பக்கமாக இறங்கிக் கால் ஊன்றிவிடலாம். பெடல் நழுவினால் அப்படியில்லை. முழு எடையையும் ஒரு பெடலில் கொட்டும் நேரத்தில் அது நடக்கிறது. முழங்கால் நேராக, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் போய் இடிக்கும். எனக்கு இரண்டு தையல் போட்டது அப்படித்தான். முந்தின வாரமே சத்தம் கேட்டிருந்தது, நான்தான் பார்க்காமல் விட்டேன்.

நழுவுவது எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலால் பெடலை அழுத்துங்கள். பெடலைத் தாங்கும் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு முழுச் சுற்றுக்கும் இதைச் செய்யுங்கள். செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தால் கண்ணுக்கே தெரியும். செயின் அசையாமல் கிராங்க் மட்டும் நழுவினால் கோளாறு ஃப்ரீவீலுக்குள் இருக்கிறது.

செயினாக இருந்தால் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம், முள் மையத்திலிருந்து முள் மையம்வரை, சரியாக 12 இன்ச், அதாவது 304.8 மி.மீ. உங்களுடையது 306ஐத் தாண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பின் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஒழுங்காக உட்காராது. அப்புறம் தொய்வு. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் போதும்.

ஃப்ரீவீல் என்றால் கொஞ்சம் விளக்க வேண்டும். மிதித்தால் சக்கரத்தைப் பிடித்து, மிதிக்காதபோது அதைத் தனியே உருளவிடும் பொறி அது. பெரும்பாலான ட்ரயல்ஸ் சைக்கிள்களில் ஃப்ரீவீல் பின் சக்கரத்தின் மையமான ஹப்பில் இல்லை, முன்னால் கிராங்கில் இருக்கிறது. அதனால் சக்கரம் உருளும்போதெல்லாம் செயினும் ஓடிக்கொண்டே இருக்கும். (துடைக்கும்போது விரல் பத்திரம்.) உள்ளே சிறிய நாக்குகள் ஸ்பிரிங்கில் எழுந்து பற்களைக் கவ்வும். ஒரு சுற்றில் 72 இடங்களில் கவ்வினால் அதிகபட்சம் 5 டிகிரியில் பெடல் பிடித்துவிடும். 108 என்றால் மூன்றரை டிகிரிக்கும் குறைவு. சாலை ஓட்டத்தில் இது ஒன்றுமே இல்லை. ஒற்றை உதையில் பாறை ஏற வேண்டிய நமக்கு, கால் வெற்றாகப் போகும் ஒவ்வொரு டிகிரியும் உதையின் வேகத்தைத் தின்றுவிடும்.

அந்த நாக்குகளில் ஒன்று எழ மறுத்தாலும் நழுவல் வரும். அழுக்கும் துருவும் பொதுவான காரணங்கள். இன்னொன்று, நல்ல எண்ணத்தில் யாரோ வைத்த கெட்டி கிரீஸ். அது நாக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ரீவீலைக் கழுவி, மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டுச் சுற்றிப் பாருங்கள். மறுபடி நழுவினால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி புது ஃப்ரீவீலுக்குப் போகட்டும். யோசிக்காமல் செலவழியுங்கள். கழற்றும் வேலையை வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறை இடுக்கி) உள்ள கடையில் கொடுங்கள். ஒவ்வொரு மிதியிலும் அது இன்னும் இறுகியிருக்கும், கைப்பலத்துக்கு மசியாது.

சரி, பிரேக்குக்கு வருவோம். இதற்கு நீங்கள் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சாதாரண சைக்கிளில் பிரேக்கின் வேலை வேகத்தைக் குறைப்பது. ட்ரயல்ஸில் அதன் வேலை பூட்டுவது. ஒரு விரலால் தொட்டதும் சக்கரம் கல்லாக நிற்க வேண்டும், விட்டதும் முழுதாக விடுபட வேண்டும். பின் சக்கரத்தில் ஒரு தாவலை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரேக்கை விட்டு, மிதித்து, காற்றில் இருக்கும்போதே மறுபடி பூட்டுகிறீர்கள். பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் போகும் பிரேக்கில் இதைப் பழகினால், உடம்பு தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

ரிம் பிரேக் ஈரத்தில் வழுக்குவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் ரிம்தான். ட்ரயல்ஸ்காரர்கள் ரிம்மின் பக்கச் சுவரை ஆங்கிள் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி வைப்பார்கள், ‘கிரைண்ட்’ என்பார்கள். உங்கள் ரிம்மை நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய கீறல்கள் மழுங்கி வழவழவென்று இருக்கும் என்று நினைக்கிறேன். டயரைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உலோகம் தேய்க்கும் வட்டால் லேசாகத் தொட்டுத் தொட்டுச் சாய்ந்த கீறல்கள் போடுங்கள். அழுத்த வேண்டாம், கருவியின் எடையே போதும். நமக்கு வேண்டியது கூர்மை, ஆழம் இல்லை. ஏற்கெனவே சுவர் மெலிந்தோ விரிசல் விட்டோ இருந்தால் கிரைண்டரை எடுக்காதீர்கள், அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. இந்தக் கீறல்கள், ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையான பேடைச் சீக்கிரம் தின்னும், நாராசமாகச் சத்தமும் போடும். மழை ஊரில் அதற்குச் சம்மதித்துத்தான் ஆக வேண்டும். பேடும் இத்தகைய ரிம்முக்கென்றே செய்த கெட்டி வகையாக இருக்கட்டும்.

இரண்டாவது, பேட் உட்காரும் விதம். நிறைய பேர் அவசரப்படும் இடம் இது. நான் ஒரு மாலைப்பொழுதையே இதற்கு ஒதுக்குவேன். நான்கு போல்ட்டுகளையும் கொஞ்சம் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தால் பேட் தானாக ரிம்மோடு ஒட்டிப் படியும். முன் நுனி, பின் நுனி, மேல், கீழ் என நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் தொடுகிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். விட்டபின் இருபக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. சக்கரம் கோணியிருந்தால் இது அமையாது. முதலில் ஸ்போக் இறுக்கி நேராக்குங்கள்.

லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, வெளியேற்றுங்கள். மகுராவுக்கு மினரல் எண்ணெய் மட்டுமே. கார், மோட்டார்சைக்கிள்களுக்கு விற்கும் டாட் (DOT) பிரேக் திரவத்தை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விட்டால் லீவர் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் லீட்ஸ் குளிரில் அது உறைந்தால் சிலிண்டரே விரியலாம். எண்ணெயே போதும். லீவரை உள்ளே தள்ளிவைத்து, ஆள்காட்டி விரல் அதன் நுனியில் படும்படி அமையுங்கள். நெம்புகோல் நீளம் கூடும், விரலும் சோராது.

பின்பக்கம் டிஸ்க்குக்கு மாற ஹப், பிரேக் என்று செலவு போகும். ஃப்ரேமில் டிஸ்க் மாட்ட இடம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. இப்போதைக்கு வேண்டாம்.

கியரையும் தொடாதீர்கள். 18ஐ 15ஆல் வகுத்து, சக்கர அளவான 26ஆல் பெருக்கினால் 31.2 வருகிறது; மிதிக்க எவ்வளவு கனம் என்பதைக் காட்டும் எண் இது. 20 இன்ச் சைக்கிளில் வழக்கமான 18க்கு 12ஐ இதேபோல் கணக்கிட்டால் 30. சக்கரம் எதுவானாலும் ட்ரயல்ஸ்காரர்கள் முப்பதை ஒட்டியே வந்து நிற்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கால்வாசிச் சுற்று மிதியில் சைக்கிளை எகிறவைக்க அது பொருந்துகிறது.

20 இன்ச் பற்றி வருந்தவும் வேண்டாம். ஸ்பெயினின் மோட்டார்சைக்கிள் ட்ரயல்ஸ் உலகிலிருந்து வந்த பெரே பீ, தன் மகன் ஓட் பீக்காகச் செய்த சிறிய சைக்கிளிலிருந்து வளர்ந்ததுதான் மான்ட்டி சைக்கிள் நிறுவனம். சிறு சக்கர மரபின் வேர் அங்கே இருக்கிறது. உலகப் போட்டிகளில் 20, 26 இரண்டுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. சிறியது கைக்கு லேசு, பக்கவாட்டில் துள்ள எளிது. பெரியது பாறை இடுக்குகளில் விழாமல் உருண்டுபோகும், முன் சக்கரத்தை விளிம்பில் வைத்து ஏறவும் வசதி. யார்க்‌ஷயரின் கரடுமுரடான மணற்பாறைகளுக்கு உங்களிடம் இருப்பது நல்ல சைக்கிள்.

மிச்சம் காசு இருந்தால் கணைக்கால் காப்பு (ஷின் கார்டு) வாங்குங்கள். ட்ரயல்ஸ் பெடலின் பற்கள் கணைக்கால் எலும்பை விடாது. காற்றழுத்தத்தைப் பின் டயரில் 18 பிஎஸ்ஐ, முன்னால் 24 என்று தொடங்குங்கள். நடைபாதை விளிம்பில் பின் சக்கரத்தை மெதுவாக இறக்கிப் பாருங்கள். ரிம் ‘ணங்’ என்று இடித்தால் ஒன்றிரண்டு கூட்டுங்கள், பந்துபோல் திருப்பி எறிந்தால் குறையுங்கள்.