ருக்மாபாய் வழக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் துன்பங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குழந்தை மணமும் கைம்பெண் கொடுமையும் நம் சாத்திரங்களும் வழக்கங்களும் விளைவித்தவை. அவற்றிலிருந்து பெண்களை மீட்டது ஆங்கிலேயரின் சட்டமே. இதை வெளிப்படையாகச் சொல்ல நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியை ஏற்கவிடாமல் என்னைத் தடுப்பது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த ருக்மாபாய் வழக்கு.

தச்சர் சமூகத்தில் பிறந்த ருக்மாபாய்க்கு 11 வயதில் தாதாஜி பிகாஜியுடன் மணம் நடந்தது. அவர் கணவரின் வீட்டுக்குப் போகாமல், தாயுடனும், தாயின் இரண்டாம் கணவரான மருத்துவர் சகாராம் அர்ஜுனுடனும் வாழ்ந்து படித்தார். (அச்சமூகத்தில் கைம்பெண் மறுமணத்துக்குத் தடை இருக்கவில்லை, நம் வழக்கங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.) 1884இல் மனைவியைத் தன்னுடன் வாழ உத்தரவிடக் கோரி தாதாஜி வழக்குத் தொடுத்தார்.

மனைவியின் கடமையைச் சாத்திரங்கள் வற்புறுத்தின என்பது உண்மை. ஆனால் தாதாஜி நாடிய 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்ற பரிகாரம் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் உருவாகி, ஆங்கிலேய நீதிபதிகளின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1885இல் வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, இந்துச் சட்டத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்றும், விருப்பமில்லாத பெண்ணை ஒருவரிடம் போய் வாழக் கட்டாயப்படுத்துவது கொடுமை என்றும் கூறி அதைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிற்கவில்லை. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் ருக்மாபாய் கணவரிடம் செல்ல வேண்டும், மறுத்தால் சிறை செல்ல நேரும் என்று ஆணையிட்டார். ருக்மாபாய் சிறைக்கே ஆயத்தமானார்.

இதில் என்னைப் பெரிதும் உறுத்துவது காலக்கணக்கு. ஜார்ஜினா வெல்டன் என்ற ஆங்கிலப் பெண் இதே பரிகாரத்தைத் தன் கணவருக்கு எதிராகப் பயன்படுத்தி, அவர் சிறை செல்லக்கூடிய நிலை வந்ததும், 1884இல் நாடாளுமன்றம் அச்சிறைத் தண்டனையை இங்கிலாந்தில் நீக்கிவிட்டது. அங்கே ஓர் ஆண்மகனைக் காக்க விரைந்து கைவிடப்பட்ட தண்டனை, அதன் பிறகும் இங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்துகொண்டு ஓர் இளம்பெண்ணை மிரட்டியது. இந்த அந்நியச் சரக்கை இந்து தர்மத்தின் பெயரால் தாங்கிப் பிடித்தவர்களில் திலகரும் ஒருவர். ஆட்சியாளர்களும் அவர்களை எதிர்த்தவர்களும் ஒத்துப்போன இடம் ஒரு பெண்ணின் உடலாக இருந்தது என்பதைத்தான் என் கட்டுரையில் சொல்ல முயன்றேன்.

1888இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார். பாலுறவுக்கு ஒரு பெண் சம்மதிக்கக்கூடிய குறைந்தபட்ச வயதான சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விவாதத்தில் அவருடைய வழக்குக்கும் பங்குண்டு; அந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் கணக்கில் வரவு வைப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அதே கணக்கில் தாம்பத்திய உரிமை மீட்பையும் எழுதியாக வேண்டும். சிறைத் தண்டனை போய்விட்டாலும் அப்பரிகாரம் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.