மருந்து ஸ்டோர்ஸ் ஆளிட்ட கேளுங்கோ

கொழும்பில அரச ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ஸ்ல 30 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். ஓடர், டென்டர், ஸ்டொக் பற்றிக் கேளுங்கோ. எந்த வருத்தத்துக்கு எந்தக் குளுசை எண்டு கேக்காதேங்கோ, அது டொக்டர்ட வேலை.

வெள்ளவத்தை: அண்ணை, அம்மாட பிரஷர் குளுசை கிளினிக்ல இல்லையாம், வெளியில வாங்கத் துண்டு எழுதித் தாறாங்கள். வருஷா வருஷம் கணக்கெடுத்துத்தானே ஓடர் போடுறது?

பதில்: அந்தக் கணக்குலதான் வில்லங்கமே தங்கச்சி. ஆஸ்பத்திரிகள் எஸ்டிமேட் அனுப்ப, மருத்துவ விநியோகப் பிரிவு அதையெல்லாம் சேர்த்து அரச மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு ஓடர் குடுக்கும், அது டென்டர் போட்டு சாமான் வந்து சேர மாசக்கணக்காகும். எஸ்டிமேட் எதை வச்சுப் போடுறது? போன வருஷம் குடுத்ததை வச்சு. போன வருஷம் நாலு மாசம் ஸ்டொக் இல்லாமல் அம்மா வெளியில வாங்கினவ எண்டா, எங்கட புத்தகத்தில அந்த நாலு மாசமும் பூச்சியம். தேவை குறைஞ்சு போச்சு எண்டு மேல நினைப்பினம், அடுத்த வருஷமும் காணாது. இது தெரிஞ்ச நாங்க கூட்டிப் போடுவம், அவை வெட்டுவினம், வெட்டுவினம் எண்டு இன்னும் கூட்டுவம். நானும் செய்திருக்கிறன். அப்பிடி வந்து குவிஞ்சு எக்ஸ்பயர் ஆனதை எரிக்கவும் குடுத்திருக்கிறன். சந்தியில இருக்கிற பார்மசிக்காரனுக்கு றாக்கை காலியானா அண்டைக்கே தெரியும்.

கொட்டாஞ்சேனை: இன்சுலின் எப்ப வரும்?

பதில்: சாத்திரம் தெரியாது. பில் இல்லாத கடையில மட்டும் வாங்காதேங்கோ.

தெமட்டகொட: அப்ப எல்லாத்தையும் பிரைவேட்டுக்குக் குடுக்கச் சொல்றீங்க, அப்பிடித்தானே?

பதில்: எங்க சொன்னனான்? போலியோ 1993க்குப் பிறகு இஞ்ச இல்லை, மலேரியா இல்லாத நாடு எண்டு 2016ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிட்டுது, ரெண்டும் அரசாங்கம் திட்டம் போட்டுச் செய்த வேலை. எத்தனை பிள்ளை பிறக்கும் எண்டு முன்னமே எண்ணலாம், தடுப்பூசிக்கு அது காணும். பிரஷர், சீனி வருத்தம் அப்பிடி இல்லை, ஆளுக்கு ஆள் மருந்து மாறும், டோஸ் மாறும்.

தெமட்டகொட: அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கின சேனக பிபிலே செய்து காட்டினவர்தானே!

பதில்: காட்டினவர், கொம்பனிப் பேர் இல்லாத ஜெனரிக் மருந்தை மொத்தமா வாங்கி விலையைக் குறைச்ச மனுசன், அவரைத் தொட்டுக் கதைக்கேல்லை. ஆனா 2016ல 48 மருந்துக்கு உச்ச விலை போட்டவை. 2022ல டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போகேக்க, பழைய விலையிலயே வில்லு எண்டா எவன் கொண்டுவருவான்? பிறகு விலையைக் கூட்ட வேண்டி வந்ததுதானே. இதைச் சொன்னா நான் முதலாளிட ஆளாம்.

மட்டக்குளி: ஐயா இன்சுலின்...

பதில்: மேல பாருங்கோ. பில்! பில்!

பம்பலப்பிட்டி: உங்கட கையில விட்டா முதல்ல என்னத்தை மாத்துவீங்க?

பதில்: கவுண்டர்ல ஒரு கொப்பி வைப்பன். இல்லையெண்டு திருப்பி அனுப்பின ஒவ்வொரு துண்டையும் அதில எழுத வேணும், எஸ்டிமேட்டோட அதுவும் மேல போக வேணும். ஒருக்கா வச்சனான். ரெண்டு கிழமையில எடுக்கச் சொல்லிட்டினம்.