கோச்சிங் போகாமல் நீட் எழுத முடியுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள், மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். விசைத்தறிக் கூலியில் பிழைக்கும் எங்களால், நாமக்கல் பக்கம் விடுதியோடு பயிற்சி தரும் இடங்களில் கேட்கும் பணத்தைப் புரட்ட முடியாது. செலவில்லாமல் தயாராக வழி உண்டா?
– ஒரு வாசகி, சோமனூர்.

பதில்: உண்டு. வட்டிக்கு வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் புத்தகங்களையும் அந்நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவை ஆங்கிலத்தில் இருப்பதால் மிரள வேண்டாம். ஒரு பாடத்தை நமது மாநிலப் பாடநூலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்ட பிறகு, அதே பாடத்தை என்சிஇஆர்டியில் வாசித்து, கலைச்சொற்களை ஓரத்தில் குறித்து வரட்டும். தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் அச்சாகியிருக்கும் என்பதாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதாலும் இந்த உழைப்பு வீண்போகாது.

காணொளிப் பாடங்களுக்குக் கான்பூர் ஐஐடியும் மத்தியக் கல்வி அமைச்சகமும் நடத்தும் 'சாத்தி' தளம் இருக்கிறது. வீட்டில் வசதி இல்லையென்றால் பள்ளியின் ஹைடெக் லேபில் பார்க்க ஆசிரியரிடம் கேளுங்கள். ஆனால், நாள் முழுக்கக் காணொளி பார்ப்பதைப் படிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பணம் வாங்கும் மையங்கள் உண்மையில் விற்பது தேர்வுப் பழக்கத்தைத்தான். அதை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். தேசியத் தேர்வு முகமையின் தளத்திலுள்ள பழைய வினாத்தாள்களை எடுத்து, ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு, தறிச் சத்தம் கேட்காத இடத்தில், 180 நிமிடங்களில் 180 கேள்விகளையும் எழுதச் சொல்லுங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு என்று அவளே திருத்தட்டும். பிறகு தவறு ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பாடம் தெரியாததா, கணக்கில் சறுக்கியதா, 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று எது' என்று படித்ததா எனப் பிரிக்க வேண்டும். மூன்றாவது வகை, பார்த்தால் அசந்துபோகும் அளவுக்கு நிறைய இருக்கும். அதற்கு எந்த மையத்திலும் மருந்து கிடையாது. உயிரியலின் 90 கேள்விகளை முதல் ஒரு மணி நேரத்திற்குள் முடிக்கப் பழகினால், இயற்பியல் கணக்குகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் கட்டியாக வேண்டும். விண்ணப்பத்தில் தேர்வு மொழியாகத் தமிழைக் குறிக்க மறக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், மருத்துவ இடங்களில் 2020 முதல் நடைமுறையிலுள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்கி வையுங்கள். இத்தனைக்கும் நடுவே பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டுவிடக் கூடாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மாநில இடங்களை அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறார்கள்.